மூலக்கூறு மாதிரிப் பெட்டி: பார்மசி மாணவருக்கு எவ்வளவு தூரம் உதவும்?

பார்மசிப் பட்டப்படிப்புக்குத் தெரிவாகி யாழ்ப்பாணத்துக்கோ பேராதனைக்கோ புறப்படும் திருகோணமலைப் பிள்ளைகள், வெள்ளை அங்கியும் கணிப்பானும் வாங்குகின்ற கையோடு மூலக்கூறு மாதிரிப் பெட்டியொன்றையும் வாங்கிவிடலாமா என்று, ஊரில் மருந்தாளராக வேலை செய்யும் என்னிடம் கேட்பதுண்டு. விடுமுறைக்கு வரும் முதலாம் ஆண்டு மாணவர் சிலருக்கு உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் சேதன இரசாயனம் சொல்லிக்கொடுப்பதற்காக ஒரு பெட்டியை வாங்கி, சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரே அணுக்கள் ஒரே ஒழுங்கில் பிணைந்திருந்தும் வெளியில் வேறுவிதமாக அமைவதைச் சொல்லும் திண்மச் சமபகுதியம் என்ற ஒரேயொரு பகுதிக்காகவே இதை வாங்கலாம். மருந்து மூலக்கூறுகளை முழுமையாகக் கட்டிப் பார்க்கும் ஆசையில் வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

நகரத்துப் புத்தகக் கடைகளில் விசாரித்துக் கிடைக்காததால், நாலாயிரம் ரூபாவுக்குச் சற்றுக் குறைவான விலையில் இணையத்தின் வழியே தருவித்தேன். அறை அறையாகப் பிரித்த பிளாஸ்ரிக் பெட்டிக்குள் துளையிட்ட உருண்டைகளும் சாம்பல் நிற இணைப்புக் குச்சிகளும் இருந்தன. காபன் கறுப்பு, ஐதரசன் வெள்ளை, ஒட்சிசன் சிவப்பு, நைதரசன் நீலம், குளோரீன் பச்சை, கந்தகம் மஞ்சள். இந்த நிற ஒழுங்கு, 1865 இல் லண்டன் ரோயல் இன்ஸ்ரிரியூசனில் விரிவுரையாற்றிய இரசாயனவியலாளர் ஓகஸ்ற் வில்ஹெல்ம் ஹொஃப்மன், குரோக்கே விளையாட்டுப் பந்துகளை அணுக்களாக வைத்துக் காட்டிய காலத்திலிருந்து வருவது. ஆனால் அவருடைய மீதேன் தட்டையாகத்தான் இருந்தது. காபனின் நான்கு பிணைப்புகளும் நான்முகியின் மூலைகளை நோக்கி நிற்கின்றன என்று வான்ற் ஹொஃப்பும் லெ பெல்லும் தனித்தனியே எடுத்துரைத்தது 1874 இல். கறுப்பு உருண்டையில் 109.5 பாகைக் கோணத்தில் இட்டிருக்கும் அந்த நான்கு துளைகளுக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்; மற்றவையெல்லாம் மேலதிகம்.

உயர்தரத்தில் தமிழில் இரசாயனம் படித்து நல்ல சித்தி பெற்ற பிள்ளையும், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் நடக்கும் ஆரம்ப விரிவுரைகளில் தடுமாறுவது திண்மச் சமபகுதியத்தில்தான். மொழி பழகிவிட்டாலும், முன்னே வரும் பிணைப்புக்குத் தடித்த கோடும் பின்னே போகும் பிணைப்புக்கு முறிகோடும் போட்டுக் கரும்பலகையில் வரையப்பட்ட ஓர் உருவை மனத்துக்குள் சுழற்றிப் பார்ப்பது எல்லாருக்கும் கைவருவதில்லை. வலிநிவாரணியான இபுபுரோபனை எடுத்துக்கொள்வோம். அதில் 13 காபன் அணுக்கள் இருந்தாலும் நான்கு வெவ்வேறு கூட்டங்கள் இணைந்த சமச்சீரற்ற காபன் ஒன்றே ஒன்றுதான். அந்தக் காபனில் காபொட்சிலிக் கூட்டம், பென்சீன் வளையம், மெதயில் கூட்டம், ஐதரசன் ஆகிய நான்கும் இணைந்திருக்கின்றன. ஒன்றுக்கொன்று ஆடி விம்பமான எதிருருக்கள் இரண்டையும் முழுமையாகக் கட்ட 26 காபன் வேண்டும். என் பெட்டியில் அதில் பாதிகூட இல்லை. ஆனால் அத்தனையும் தேவையுமில்லை. நடுவில் ஒரு கறுப்பு உருண்டையை வைத்து, காபொட்சிலிக் கூட்டத்துக்குச் சிவப்பு, வளையத்துக்குப் பச்சை, மெதயிலுக்கு நீலம், ஐதரசனுக்கு வெள்ளை என்று பொருத்திவிட்டு, இரண்டாவது மாதிரியில் ஏதேனும் இரு நிறங்களை மாற்றிச் செருகினால் போதும். வெள்ளை உருண்டையை, விரித்த குடையின் காம்பைப் பிடித்து மேற்புறத்தை முகத்துக்கு நேரே திருப்புவதுபோலப் பிடித்துக்கொண்டு, சிவப்பு, பச்சை, நீலம் என்ற முன்னுரிமை வரிசையில் விரலை ஓட்ட வேண்டும். விரல் வலஞ்சுழியாகப் போனால் ஆர் வடிவம், இடஞ்சுழியாகப் போனால் எஸ் வடிவம். வலியைக் குறைக்கும் வேலையைப் பெரும்பாலும் செய்வது எஸ் வடிவம். ஆர் வடிவத்தின் ஒரு பகுதி உடலுக்குள் எஸ் ஆக மாறுவதால், இரண்டும் கலந்த கலவையையே பெரும்பாலும் மாத்திரையாக விற்கிறார்கள்.

இரண்டு மாதிரிகளையும் கையில் கொடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தச் சொன்னபோது, ஒரு மாணவி நெடுநேரம் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, எப்பிடித் திருப்பினாலும் ரெண்டு கலர் சரியா வந்தா மற்ற ரெண்டும் மாறிப்போகுதே" என்றாள். பாடம் அந்த ஒரு வசனத்துக்குள் அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு, இருமலுக்குக் கொடுக்கும் டெக்ஸ்ரோமெதோர்பனின் ஆடி விம்பமான லெவோமெதோர்பன் ஓர் அபின் வகை வலிநிவாரணி என்று சொன்னால், அது அவர்களுக்கு வெறும் மனனத் தகவலாகப் படுவதில்லை. 1957 இல் மேற்கு ஜேர்மனியில் விற்பனைக்கு வந்து, கர்ப்பிணிகள் உட்கொண்டதால் சிசுக்கள் பாதிக்கப்பட்டு 1961 இல் மீளப்பெறப்பட்ட தலிடோமைட்டையும் இதே மாதிரியை வைத்து விளக்கலாம். ஓர் எதிருருவை மட்டும் பிரித்துக் கொடுத்திருந்தால் சிசுக்கள் தப்பியிருக்குமே என்ற கேள்வி தவறாமல் எழும். வெள்ளை உருண்டையையும் வேறொரு நிற உருண்டையையும் கழற்றி, ஒன்று நின்ற துளையில் மற்றதைப் பொருத்தி, மாதிரி அதன் ஆடி விம்பமாக மாறுவதைக் காட்டுவேன். உடலுக்குள்ளும் அந்த ஐதரசன் விலகி, எந்தப் பக்கத்திலும் மீண்டும் சேரக்கூடியது என்பதால் ஒரு வடிவம் மற்றதாக மாறிக்கொண்டேயிருக்கும். பிரித்துக் கொடுத்தும் பயனில்லை.

அடுத்ததாக இந்தப் பெட்டி நன்றாகக் கைகொடுக்கும் இடம் பெனிசிலின். மூன்று காபனும் ஒரு நைதரசனும் சேர்ந்த பீற்றா-லக்ரம் வளையத்தில் கோணங்கள் ஏறத்தாழ 90 பாகை. குட்டைக் குச்சிகளால் அதைக் கட்டவே முடியாது. வளையக்கூடிய நீளக் குச்சிகளைப் போட்டால் அவை வில்லாக வெளியே வளைந்து நிற்கும். கையை எடுத்ததும் ஒரு முனை தெறித்துக் கழன்று மேசைக்குக் கீழே ஓடும். வளையத்தில் இறுக்கம் உண்டு என்று பாடக்குறிப்பில் எழுதியிருப்பதை விரல் நுனியில் உணர்வது அப்போதுதான். பற்றீரியாவின் கலச்சுவரைக் கட்டும் நொதியம் தாக்கும்போது வளையம் திறந்து நொதியத்தோடு ஒட்டிக்கொள்வதற்கும், எதிர்ப்புப் பெற்ற பற்றீரியா சுரக்கும் பீற்றா-லக்ரமேசு அதே வளையத்தை நீர்ப்பகுப்புச் செய்து மருந்தைப் பயனற்றதாக்குவதற்கும் அந்த இறுக்கம் ஒரு முக்கிய காரணம்.

குறைகளும் சிறியவையல்ல. பென்சீன் வளையத்தைக் கட்டினால் மூன்று இடங்களில் இரட்டைக் குச்சியும் மூன்று இடங்களில் ஒற்றைக் குச்சியுமாக நிற்கும். ஆறு பிணைப்புகளும் 139 பிக்கோமீற்றர் என்ற ஒரே நீளமுடையவை என்பதை அந்த மாதிரி கண்ணெதிரே மறுக்கிறது. மூன்று துளைக் காபன்கள் தனியாக உள்ள பெட்டிகளில் இந்தச் சிக்கல் குறைவு. நைதரசன் உருண்டை கூம்புக் கோணத்தில் துளையிடப்பட்டிருப்பதால், பரசிற்றமோலின் ஏமைட்டுக் கூட்டம் (ஒட்சிசனோடு இரட்டைப் பிணைப்புள்ள காபனில் நைதரசன் இணைந்த பகுதி) ஒரே தளத்தில் அமையாமல் கோணலாக நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால், பெனிசிலினின் பீற்றா-லக்ரம் வளையத்தில் உள்ள ஏமைட்டு நைதரசன் உண்மையிலேயே தளத்திலிருந்து விலகிக் கூம்பு வடிவில்தான் இருக்கிறது; ஆகவே பரசிற்றமோலில் பிழையாகும் அதே உருண்டை அந்த வளையத்தில் சரியாகிவிடுகிறது. இதையெல்லாம் அறிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் இந்தக் குறைகளையே பாடமாக்கலாம். தனியே படிக்கும் மாணவர் மாதிரியை நம்பித் தவறாக விளங்கிக்கொள்ளக்கூடும்.

கோட்டிசோலில் 21 காபன், கொலஸ்திரோலில் 27 காபன் என்று வரும்போது பெட்டியை மூடிவிட்டுக் கைபேசியை எடுப்பதே புத்தி. முப்பரிமாண உருவங்களை இலவசமாகக் காட்டும் தளங்கள் இருக்கின்றன. மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு அது போதும்.

விற்பனையாளர் பக்கத்தில் எனக்கொரு மனக்குறை உண்டு. விளம்பரப் படத்தில் குவிந்து கிடந்த கறுப்பு உருண்டைகளுக்கும் பெட்டிக்குள் வந்தவற்றுக்கும் நிறைய வித்தியாசம் இருந்தது. வளையும் குச்சிகள் எண்ணிக்கையில் குறைவாக வந்ததோடு, அவற்றில் சில மடித்த இடத்தில் வெளிறி வெடிக்கவும் தொடங்கிவிட்டன. குச்சியைக் கழற்றுவதற்கென்று தரப்பட்ட பிளாஸ்ரிக் கருவி சீக்கிரமே முறிந்துவிட்டது. இப்போது நகத்தாலும் பல்லாலும்தான் வேலை நடக்கிறது. ஆகவே வாங்குமுன் மொத்த உருண்டைகள் எத்தனை என்று பார்க்காமல், நான்கு துளைக் காபன் எத்தனை, மூன்று துளைக் காபன் உண்டா, வளையும் குச்சி எத்தனை என்ற மூன்றையும் கேட்டு எழுத்தில் பதில் பெற்றுக்கொள்ளுங்கள். ஒரே அறையில் தங்கப் போகும் மூன்று நான்கு பேர் காசு சேர்த்து ஒரு பெட்டி வாங்குவதே உசிதம். முதலாம் ஆண்டு முடிந்ததும் அடுத்து வரும் பிள்ளைகளுக்குப் பாதி விலைக்குக் கொடுத்துவிடலாம். பொதி வந்த அன்றே எல்லாவற்றையும் எண்ணிப் பாருங்கள், ஏனெனில் திருப்பி அனுப்புவதற்குத் தரப்படும் நாட்கள் மிகக் கொஞ்சம்.