பழைய ஸ்விஃப்ட் டீசல்: இன்னும் செலவு செய்யலாமா, விற்றுவிடலாமா?

மாருதி ஸ்விஃப்டின் 1248 சிசி டீசல் இன்ஜின் ஃபியட் வடிவமைத்தது. நேரத்துக்கு ஆயில் மாற்றிய வண்டி 2 லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் சளைக்காமல் ஓடும். ஆகவே பழைய வண்டி அடிக்கடி நின்றால் எடுத்த எடுப்பில் இன்ஜினைப் பிரிக்க விடாதீர்கள்.

காவிரி டெல்டாவில் முதலில் பார்க்க வேண்டியது வயரிங். அறுவடை முடிந்ததும் வயலோரம் நிற்கும் வண்டிக்குள் எலி ஏறி சென்சார் வயரைக் கடித்துவிடும். இன்று ஓடும், நாளை ஓடாது. பேட்டரியை பாடியோடு இணைக்கும் எர்த் வயரின் முனை பச்சை பூத்தாலும் இதே தொல்லைதான். இரண்டுமே சின்ன வேலை, தாராளமாகச் செய்யலாம்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் கடகடவென்று சத்தம் வந்து சில விநாடியில் அடங்குகிறதா? வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் செயின் தளர்ந்திருக்கலாம். தள்ளிப்போடவே கூடாது. செயின் பல் தாண்டினால் வால்வில் பிஸ்டன் இடித்து, செலவு பல மடங்காகிவிடும். மாற்றும்போது செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அது ஓடும் வழியைத் தாங்கும் கைடு எல்லாம் சேர்த்தே மாற்றுங்கள்.

ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்வார்கள். அதற்கு முன் ஒவ்வொன்றிலும் திரும்பி வரும் டீசலை அளந்து ஒப்பிடச் சொல்லுங்கள். அதிகம் விடுவதை மட்டும் கழற்றினால் போதும்.

நாகை, வேதாரண்யம் பக்கம் ஓடிய வண்டியென்றால் துருதான் தீர்ப்பு. கதவுக்குக் கீழேயும் சஸ்பென்ஷன் மாட்டும் இடத்திலும் ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். தகடு உள்ளே இறங்கினால் விற்றுவிடுங்கள்; பட்டி பூசி மறைத்த தகடு விபத்தில் தாங்காது.

15 வருட ஆர்.சி. முடியப்போகிறதென்றால் புதுப்பிக்கும் செலவையும் ரிப்பேர் எஸ்டிமேட்டோடு கூட்டுங்கள். மொத்தம் விற்கும் விலையில் பாதியைத் தாண்டினால் அந்தப் பணத்தை அடுத்த வண்டிக்கு வைத்துக்கொள்வதே நல்லது.