பட்டறைக்குக் கரண்ட்: மேலே இழுப்பதா, மண்ணில் புதைப்பதா?

எங்கள் வீட்டுப் பின்கட்டு சுவிட்ச் போர்டிலிருந்து தோட்டத்துக் கோடியில் இருக்கும் மரப்பட்டறைக்கு 40 மீட்டர். முதல் ஆறு வருஷம் மேலே ஒயர் இழுத்து ஓட்டினேன். இப்போது நான்கு வருஷமாகக் கேபிள் மண்ணுக்குள் இருக்கிறது. காரைக்குடிப் பக்கம் மரம் நிற்கும் தோட்டமென்றால் புதைத்துவிடுங்கள் என்பேன்.

செலவில் மேலே இழுப்பதுதான் குறைவு, அதில் பேச்சே இல்லை. ஜி.ஐ. கம்பி, அதில் கட்டிய சர்வீஸ் ஒயர், நடுவில் ஒரு கம்பம். அரை நாள் வேலை. புதைப்பதென்றால் ஆர்மர்டு கேபிள் (உள்ளே இரும்புக் கம்பிக் கவசம் சுற்றியது) வேண்டும், இரண்டரை அடி பள்ளம் வேண்டும். எங்கள் செம்புறாங்கல் தரையில் மண்வெட்டி இறங்காது. இரண்டு பேர் கடப்பாரையோடு நான்கு நாள் மல்லுக்கட்டினார்கள்.

என்னை மாற வைத்தது பராமரிப்பு. ஆடிக்காற்றுக்கு முன்னால் வேப்பங்கிளையைக் கழித்துவிட வேண்டும். ஒரு வருஷம் விட்டுப்போனது. ஆவணியில் ஏணி வைத்து ஏறினால், கிளை உரசி உரசி ஒயரின் மேலுறை விரல் நீளத்துக்குத் தேய்ந்து, உள்ளே செம்பு பளபளக்கிறது. நேர் கீழே அம்மா துணி காயப்போடும் கம்பிக்கொடி. இறங்கி வந்து மெயினை அணைத்தவன், அதன்பின் அந்த ஒயருக்குக் கரண்ட் கொடுக்கவே இல்லை. போதாததற்கு மயில்கள் உட்கார்ந்து கம்பி தொய்யும். அதை இழுத்துக் கட்டக் கட்ட, சுவரில் கிளாம்ப் அடித்த இடத்தில் பழைய சுண்ணாம்புப் பூச்சு விரிசல் விட்டது. அந்தப் பூச்சை அதே மாதிரி பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடி அலைந்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

இப்போது வருஷத்துக்கு ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு, இரு முனையிலும் கிளாண்டையும் (கேபிளைப் பெட்டியோடு இறுக்கிப் பிடிக்கும் பித்தளைப் பூண்) எர்த் இணைப்பையும் முடுக்கிப் பார்ப்பதோடு சரி. ஆனால் என் அனுபவம் நான்கு வருஷம்தான். மண்ணுக்குள் பழுதானால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, தோண்டத்தான் வேண்டும். அதனாலேயே நடுவில் ஜாயின்ட் இல்லாமல் ஒரே துண்டாக வாங்கினேன். கேபிளுக்குக் கீழும் மேலும் மணல், அதன்மேல் செங்கல் வரிசை, பிறகுதான் மண்.

எந்த வழியானாலும் ஒயரின் கனத்தில் கஞ்சத்தனம் கூடாது. 2 ஹெச்.பி. இழைப்பு மெஷின் சிங்கிள் ஃபேஸில் ஓடும்போது சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் நொடியில் ஐந்தாறு மடங்கு. இந்த 40 மீட்டருக்கு 2.5 சதுர மி.மீ. செம்பு போட்டால் அந்த நொடியில் 30 வோல்ட் வரை விழும். 6 சதுர மி.மீ. என்றால் 12, 13 வோல்ட்டோடு நிற்கும். அலுமினியத்தில் அதே பலன் வேண்டுமானால் 10 சதுர மி.மீ. எடுக்க வேண்டும்.

பட்டறைப் பக்கமும் ஒரு எர்த் குழி போட்டு, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே அணைத்துவிடும் சுவிட்ச்) வைத்திருக்கிறேன். சித்திரை வெயிலில் இந்த மண் காய்ந்துவிடும், குழிக்குத் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். பள்ளம் திறந்திருந்தபோதே பக்கத்தில் ஒரு காலி பி.வி.சி. பைப்பையும் போட்டு மூடினேன். கேபிள் போகும் வழி நெடுக, பத்தடிக்கு ஒரு கல் நட்டிருக்கிறது.