காரைக்குடிப் பட்டறையில் பழைய காருக்குக் கிடைத்த சரியான வைத்தியம்

கானாடுகாத்தான் வீட்டு முகப்பில் மூன்று வாரமாக அசையாமல் நின்ற, என் தந்தையார் 1999இல் வாங்கிய பெட்ரோல் காரை, காரைக்குடி செக்காலைச் சாலையை ஒட்டிய ஒரு சிறிய பட்டறைக்குக் கயிறு கட்டி இழுத்துச் சென்றேன். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியது, எஞ்சின்தான் பிடிக்கவில்லை. வேறோர் இடத்தில் பெட்ரோல் பம்ப்பையே மாற்றச் சொல்லியிருந்தார்கள்.

இங்கிருந்த மூத்த மெக்கானிக் எதையும் கழற்றுவதற்கு முன், "தம்பி, சாவியை ஆன்ல மட்டும் வைங்க, ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, பின்சீட்டில் காதை வைத்துக் கேட்டார். எஞ்சினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சித் தரும் இத்தகைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அப்போது ஓரிரு விநாடி பம்ப் முனக வேண்டும், சத்தமே இல்லை. பிளக்கில் பொறி வருவதை உறுதி செய்துகொண்டு, பம்ப்புக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலேயைப் பிடுங்கி, அந்தச் சாக்கெட்டில் மின்சாரம் வரும் 30, பம்ப்புக்குப் போகும் 87 ஆகிய எண் முனைகளை ஃபியூஸ் வைத்த ஒயரால் இணைத்ததும் பம்ப் ஓடியது; அழுத்தமானி ஏறத்தாழ 3 பார் காட்டியது. ஆக, பம்ப் நன்றாகத்தான் இருந்தது, கோளாறு ரிலேயில். பிறகு ரிலேயின் மூடியைத் திறந்து, அதன் மின்முனைக் கால் ஒன்றைச் சுற்றி மயிரிழையாய் ஓடிய ஈயப்பற்றின் விரிசலை லென்ஸ் வைத்து எனக்கும் காட்டினார். புது ரிலே போட்டதும் முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்தது.

ரிலே விலையும் நியாயமான கூலியும் மட்டுமே வாங்கினார். பழைய ரிலேயையும் கையில் கொடுத்தார். ஒரே ஆள் பார்க்கும் பட்டறை என்பதால், முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவது நல்லது.