"வீட்டுச் சாமான்" என்று விற்கும் பழைய பீரோ: தாராபுரம், காங்கேயம் பக்கம் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பழைய மரச்சாமான் வாங்கிச் சரிசெய்து விற்கிறவர்களுக்கும், வீட்டுக்கு ஒரு பழைய அலமாரி தேடிக்கொண்டிருப்பவர்களுக்கும் இந்தப் பதிவு. தாராபுரம், மூலனூர், காங்கேயம் சுற்று வட்டாரத்தில் புதிதாகச் செய்த சாமானைப் பழசு என்று விற்கும் ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. கடை கிடையாது, போர்டு கிடையாது, பில் கிடையாது. "கடைச் சரக்கு இல்லீங்க, வீட்டுச் சாமான். நேரா ஊட்டுல இருந்தே எடுத்துக்கலாம்" என்பதுதான் அவர்களுடைய மொத்த வியாபாரமும். எங்கள் பணம் 68,000 ரூபாய் போயிருக்கிறது. வண்டி வாடகையும் ஏற்றுகூலியும் தனி.

வீட்டுச் சாமானுக்கு ஏன் இந்த மவுசு என்று தொழிலில் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் தூணிலிருந்து தேக்கரண்டி வரைக்கும் கிடைக்கும். ஆனால் அங்கே வந்து சேரும் பொருள் நாலு கை மாறி, இரண்டு முறை பாலிஷ் கண்டு, எங்கே ஒட்டுப் போட்டார்கள் என்றே தெரியாத நிலையில் இருக்கலாம். நேராக ஒரு வீட்டின் அறையிலிருந்து எடுத்தால் அழுக்கும் கீறலும் அப்படியே இருக்கும். எது அந்தக் காலத்து வேலை, எது பின்னால் செய்த ரிப்பேர் என்று பார்த்தவுடன் தெரியும். அதனால் வீட்டில் எடுப்பதற்குக் கொஞ்சம் கூடக் கொடுக்க யாரும் யோசிப்பதில்லை. இந்தக் கூட்டத்துக்குச் சோறு போடுவது அந்தக் கூடுதல் தொகைதான்.

எனக்கு வந்தது போன் அழைப்பு. "ஏனுங்க அக்கா, தொட்டிக்கட்டு வீடுங்க, இடிக்கப் போறாங்க. பையன் பெங்களூர்ல. பாட்டி மட்டும்தான். பாத்துட்டுப் புடிக்கலைன்னா ஒரு காப்பி குடிச்சுட்டு வந்துருங்க." வீடு நிஜமாகவே நடுவில் முற்றம் வைத்த பழைய தொட்டிக்கட்டு வீடுதான். ஒரு பக்கம் ஓடு சரிந்திருந்தது. உள்ளறையில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு பீரோ. மேலே இரண்டு கண்ணாடிக் கதவு, கீழே நாலு டிராயர், பித்தளைக் குமிழ். கதவில் மஞ்சள் குங்குமம் வைத்து வைத்து ஏறிய கறை. உள்ளே மடித்த பழஞ்சேலை, நாப்தலின் உருண்டை. கதவின் உள்பக்கம் மங்கிப்போன பழனி முருகன் காலண்டர் படம். அதை ஒட்டியவர் யாரோ, சினிமாவில் ஆர்ட் டைரக்‌ஷன் பக்கம் போனால் நன்றாக வருவார்.

பாட்டி முந்தானையால் பீரோவைத் துடைத்துக்கொண்டே, "எங்க மாமனாரோட அப்பாரு செஞ்சு வெச்சதுங்க அம்மிணி. குடுக்க மனசே வர மாட்டேங்குது" என்றார். விலை 95,000 என்று ஆரம்பித்தது. புரோக்கர் பாட்டியைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய் ஏதோ பேசினார், திரும்பி வந்தபோது 75,000. இன்னொரு தடவை தாழ்வாரம், 68,000. "நூறு வருசத்துக்கு மேல ஆச்சுங்க, பர்மா தேக்கு, கண்ணாடி பெல்ஜியம்." ஒரு டிராயரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, பீரோவைச் சுவரிலிருந்து ஒரு முழம் நகர்த்தலாமா என்று கேட்டேன். புரோக்கர் பதறிப்போய், "இன்னிக்கு வெள்ளிக்கிழமைங்க அக்கா. பெரியவங்க பொழங்குன பொருள், லச்சுமி இருக்கற எடம். பணம் கை மாறுன பொறவு நீங்க என்ன வேணாலும் பண்ணிக்கோங்க" என்றார். பாட்டியும் கண்ணைக் கசக்கினார். இன்னொரு ஆளிடமும் வெள்ளிக்கிழமையன்றுதான் விற்றிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. மதிய நேரம், இருட்டறை, வெள்ளிக்கிழமை, மூன்றும் அவர்கள் ஏற்பாடுதான்.

சூலூரில் எங்கள் ஷெட்டுக்கு வந்ததும் ஆசாரி அண்ணன் பீரோவை மல்லாக்கப் படுக்க வைத்தார். கதவு இரண்டும் பழசு, அதில் சந்தேகமே இல்லை. கண்ணாடிக்குள் சின்னக் குமிழிகள் இருந்தன, சாய்த்துப் பார்த்தால் எதிர்ச் சுவர் நெளிந்து தெரிந்தது. கீலுக்கு வெட்டிய பள்ளத்தில் உளி நழுவிய தடம்கூட இருந்தது. ஆனால் அந்தக் கதவுக்கும் அது மாட்டியிருந்த நிலைச் சட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. கதவு ஓரத்தில் பழைய கீல் இருந்த இடம் இரண்டு விரற்கடை தள்ளி இருந்தது, அதில் மரத்துண்டு வைத்து அடைத்துப் பட்டி பார்த்திருந்தார்கள்.

அடுத்து பக்கப் பலகை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உளுத்த மரத்தில் வெளியே தெரிவது வண்டு வெளியேறிய வட்டத் துளை மட்டும்தான். புழு குடைந்த பாதை மரத்துக்குள்ளேயே வளைந்து வளைந்து ஓடும், அது மேலே தெரியாது. எங்கள் பீரோவின் பக்கப் பலகையில் அரக்கைச் சுரண்டியதும் துளைக்குப் பதிலாக வாய்க்கால் வெட்டினதுபோல் நீளநீளமாகத் திறந்த கோடுகள் தெரிந்தன. உள்ளே மரத்தூளையும் ஃபெவிகாலையும் குழைத்து அப்பியிருந்தார்கள். புழு குடைந்து முடித்த பிறகு அந்த மரத்தை யாரோ ரம்பத்தில் அறுத்திருந்தால்தான் உள்பாதை இப்படி வெளியே வரும். ஆசாரி அண்ணன் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது ஓட்டு வீட்டுக் கைமரமுங்க அம்மிணி. பொளந்து பலகையாக்கிருக்காங்க. பாருங்க, ரீப்பர் ஆணி அடிச்ச ஓட்டை வரிசையா ஒரே அளவுல போகுது" என்றார். கைமரம் என்பது ஓட்டுக் கூரையைத் தாங்கும் சாய்வுச் சட்டம், ரீப்பர் அதன்மேல் குறுக்கே அடிக்கும் சின்னச் சட்டம். மரம் பழசு, பீரோ புதுசு. இப்படிச் செய்யும்போது எந்தச் சோதனைக்கும் பாதிப் பதில் சரியாக வந்துவிடும். இதில் அபாயமே அதுதான்.

முதுகுப் பலகையில் அந்த மரியாதைகூட இல்லை. இழைப்புளியை ஒரே இழுப்பு இழுத்ததும் வெங்காயத் தோல் கனத்துக்கு ஒரு பழுப்பு உரிந்து வந்தது, அடியில் வெளிறிய மஞ்சள். பொட்டாசியம் பர்மாங்கனேட் கரைசல் பூசிக் காயவைத்தால் புது மரம் இப்படிப் பழுத்த நிறத்துக்கு வரும். பலகை தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வருகிற ஆப்பிரிக்கத் தேக்கு என்றார் அண்ணன். டிராயரின் மூலைப் பொருத்துகள் அச்சில் வார்த்த மாதிரி எல்லாம் ஒரே அளவு. கையால் வெட்டியிருந்தால் ஒன்றாவது கொஞ்சம் சாய்ந்திருக்கும், உள்பக்கம் அளவுக்குறி கீறிய கோடு நிற்கும். நூறு வருடம் இழுத்து மூடிய டிராயர் என்றால் அடிக்கட்டை தேய்ந்து வழவழவென்று ஆகியிருக்கும், இதிலோ ரம்பப் பல்லின் தடம் வில் வளைவாக அப்படியே கிடந்தது. வட்ட ரம்பம் போட்ட தடம். உள்தட்டைத் தாங்கிய கட்டையில் மெழுகை நோண்டி எடுத்தால் ஸ்டார் ஸ்க்ரூ! அந்தக் குறுக்குவெட்டுத் தலை ஸ்க்ரூ அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்ததே 1930களில். மாமனாரின் அப்பாரு அதற்கு முன்பே வாங்கி வைத்திருக்க வாய்ப்பில்லை.

பர்மா தேக்கு என்ற பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் பர்மா தேக்கு இருக்கிறது என்றால் செட்டியார்கள் பர்மாவில் தொழில் செய்தார்கள், மரத்தைக் கப்பலேற்றினார்கள். நம் பக்கம் ஆனைமலை கூப்பிடு தூரம். டாப்ஸ்லிப்பிலிருந்து மரத்தைச் சரித்துவிட்டதால்தான் அந்த இடத்துக்கே அந்தப் பேர். நான் பார்த்த கொங்கு வீட்டுச் சாமானில் வசதியான குடும்பம் என்றால் ஆனைமலை அல்லது நிலம்பூர்த் தேக்கு, மற்றதெல்லாம் பூவரசு, வேம்பு, வாகை, பலா. தாராபுரத்துத் தோட்டத்து வீட்டில் பர்மா என்று ஒருவர் வாயெடுத்தாலே நான் இப்போது காரணம் கேட்கிறேன். பெல்ஜியம் கண்ணாடியை விட்டுவிடலாம், பெல்ஜியம் என்று சொல்லாத வியாபாரியை நான் இதுவரை சந்தித்ததில்லை.

ஏற்றும்போது பிடித்த படம் போனில் இருக்கிறது. பீரோவை எடுத்த பிறகு பின்சுவர் பளிச்சென்று மற்ற சுவர் நிறத்திலேயே இருக்கிறது. நம் ஊரில் பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிப்பவர்கள் இந்தக் கனத்தை நகர்த்திவிட்டா அடிப்பார்கள்? எந்த வீட்டிலும் பீரோ நின்ற இடம் பீரோ உயரத்துக்குக் கறுத்து, சிலந்தி கட்டி, தனியாகத் தெரியும். தரையில் நாலு கால் தடம் பதிந்திருக்கும். இங்கே இரண்டும் இல்லை. போகிறவர்கள் பீரோவைப் பார்ப்பதற்கு முன்னால் சுவரைப் பாருங்கள்.

புரோக்கரைக் கூப்பிட்டால் முதலில், "பழைய சாமான்னா கொஞ்சம் ரிப்பேர் இருக்கத்தானுங்க செய்யும்." அடுத்த முறை, "ஊட்டுக்காரங்க கிட்டப் பேசிக்கோங்க." அதற்கப்புறம் எடுப்பதில்லை. திரும்ப அந்த ஊருக்குப் போனோம். வீடு பூட்டிக் கிடந்தது. எதிர்வீட்டு அம்மா சொன்னதுதான் உண்மை நிலவரம்: வீட்டுக்காரர்கள் யாருமே அங்கே இல்லை, யாரோ வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள், டெம்போவில் சாமான் வரும், போகும். பாட்டியும் அந்த ஊர் இல்லை.

இனிச் சட்டம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். வக்கீல் ஒரே நிமிடத்தில் கதவைச் சாத்திவிட்டார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் மறுவிற்பனைக்காக வாங்குகிறவர் "நுகர்வோர்" கணக்கில் வர மாட்டார். நம்மைப் போல வாங்கி விற்பவர்களுக்கு அந்த வழி இல்லை, சொந்த வீட்டில் வைத்துக்கொள்ள வாங்கியவர்களுக்கு உண்டு. நமக்கு இருப்பது சிவில் வழக்கும், மோசடிக்கான போலீஸ் புகாரும்தான். பழைய 420, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318ஆம் பிரிவு.

இன்னொன்று. "நூறு வருசம்னு வேணா எழுதித் தரேனுங்க" என்று அந்தப் புரோக்கர் தாராளமாகச் சொன்னார், எழுதித் தரவில்லை. தந்தால் அவருக்குத்தான் வம்பு. 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்குக் குறையாத கைவினைப் பொருள்களும், கட்டடத்திலிருந்து பிரித்தெடுத்த பொருள்களும் தொல்பொருள் கணக்கில் வரும். அவற்றை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. ஆகவே வயதை எழுத்தில் கேளுங்கள். மர வகையையும் சேர்த்துக் கேளுங்கள். வாட்ஸப்பில் ஒரு வரி அனுப்பச் சொன்னாலும் போதும். வாயால் நூறு சொல்கிறவர் எழுத்தில் "பழைய பீரோ" என்று மட்டும் போட்டால் அங்கேயே நின்றுவிடலாம்.

பார்க்கப் போகும்போது நான் கையில் கொண்டுபோவது டார்ச், குண்டூசி, கொஞ்சம் பஞ்சு, சின்னப் பாட்டிலில் ஸ்பிரிட். துளைக்குள் குண்டூசி நேராகக் கடைசி வரை இறங்கினால் டிரில் போட்ட துளையாக இருக்கலாம், வண்டுத் துளையில் சீக்கிரமே இடிக்கும். மறைவான இடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்தால் அரக்கு பாலிஷ் பிசுபிசுக்கும், பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷ் அசையாது. அரக்கு என்பதாலேயே பழசு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், எங்கள் பீரோவில் இருந்ததும் அரக்குதான். டிராயரைக் கழற்றவும், முதுகைப் பார்க்கவும் விடாத இடத்தில் ஆயிரம் ரூபாய்கூட முன்பணம் வைக்காதீர்கள்.

இந்தப் பீரோவுக்கென்று முன்பணம் கொடுத்திருந்த சாய்பாபா காலனி வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அரக்கு பூசி அதே கதையைச் சொல்லி அவர் தலையில் கட்டியிருக்கலாம் என்று எனக்கே அறிவுரை சொன்னவர்களும் உண்டு. கதவு இரண்டையும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், பூஜை அறைக்குக் கேட்கிறார்கள். கைமரப் பலகை பெஞ்சு செய்ய ஆகும்.

போலீஸில் மனு கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியாயிற்று. அந்த ஆள் இப்போது வேறு நம்பரிலிருந்து ஒரு ஊஞ்சல் படத்தைச் சுற்றவிட்டிருக்கிறார். பித்தளைச் சங்கிலி, "ஒரே பலகை, தேக்கு", பின்னால் தெரிவது அதே தாழ்வாரம். இவர்களிடம் ஏற்கெனவே வாங்கியவர்கள் இருந்தால் உங்கள் பகுதி நிலையத்தில் தனியாக மனு கொடுங்கள். பணம் அனுப்பிய ஜிபே விவரம், சாமான் அந்த வீட்டில் நிற்கும் படம், ஏற்றி வந்த வண்டி எண், மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். என் மனுவோடு சேர்த்து விசாரிக்கச் சொல்லிக் கேட்கிறேன்.