பழைய ரேஸ் கார் பாடி கட்டித் தருகிறேன் என்று 3,40,000 ரூபாய் வாங்கி ஏமாற்றினார்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் படியுங்கள்

போன வாரம் சாத்துவாச்சாரியில் என் வீட்டு வாசலில் டெம்போவில் இருந்து இறக்கிய சாமானைப் பார்த்ததில் இருந்து தூக்கம் இல்லை. 3,40,000 ரூபாய் போய்விட்டது. சீட்டு எடுத்த பணம். இன்னொருவர் இதே ஆளிடம் போய் மாட்டக் கூடாது என்றுதான் சூட்டோடு எழுதுகிறேன். என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

நான் கட்டிக்கொண்டிருப்பது புகாட்டி டைப் 35 என்கிற பழைய பந்தயக் காரின் நகல். 1924 ஆகஸ்ட் 3 அன்று பிரான்சில் லியோன் நகர கிராண்ட் பிரியில் முதன்முதலாக ஓடிய கார். அன்றைக்கு டயர்கள் பிய்ந்துபோய்த் தோற்றது. அப்புறம் 1925 முதல் 1929 வரை இத்தாலியின் டார்கா ஃப்ளோரியோ பந்தயத்தை ஒரு வருஷம்கூட விடாமல் ஜெயித்தது. 1929-இல் நடந்த முதல் மொனாக்கோ கிராண்ட் பிரியை வென்றதும் இதே வகைதான். ஒரிஜினல் எஞ்சின் வரிசையாக எட்டு சிலிண்டர், 1991 சிசி. அதெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது, என் வண்டியில் பத்மினி கார் எஞ்சின். ஆனால் வெளியே தெரிகிற எதுவும் இம்மி பிசகக் கூடாது என்பது என் வைராக்கியம். வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள தூரம், 2.4 மீட்டர் என்றால் 2.4 மீட்டர்தான்.

"ஏன்டா இதுக்குப் போய் இவ்வளவு செலவு?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கோயம்புத்தூரில் கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வைத்தே பந்தயக் கார் கட்டி, அதில் எத்தனையோ பையன்களை ரேஸ் ஓட்ட வைத்தார். சோழவரத்தில் ரேஸ் பார்த்து வளர்ந்தவர் என் சித்தப்பா, அவர் வாயால் கேட்டுத்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது. நம்மூரில் முடியாத வேலை கிடையாது. யாரிடம் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சேஸ், அதாவது வண்டியின் அடிச்சட்ட வேலையைக் காட்பாடியில் லேத் வைத்திருக்கும் பாய் முடித்துக் கொடுத்தார். அருமையான மனுஷன், ஒரு ஓட்டை அரை மில்லி தள்ளிப்போனாலும் அடைத்துவிட்டு மறுபடி போடுவார். பானெட்டைச் சுற்றி இழுத்துக் கட்டுகிற தோல் வார், பக்கவாட்டில் ஸ்டெப்னி கட்டுகிற வார் எல்லாம் ஆம்பூரில் தைத்து வாங்கியாயிற்று. பாக்கி இருந்தது இரண்டு: அலுமினிய பாடி, சக்கரங்கள்.

சக்கரம்தான் இந்தக் காரின் உயிர். அந்தக் காலத்துப் பந்தயக் கார்களில் கம்பிச் சக்கரம்தான் வழக்கம். இந்தக் காரை உருவாக்கிய புகாட்டி எட்டு தட்டையான ஆரங்களோடு அலுமினியத்தில் வார்த்தார். பிரேக் டிரம்மும் சக்கரத்தோடு சேர்ந்தே இருக்கும். சக்கரத்தைக் கழற்றினால் டிரம்மும் கையோடு வந்துவிடும், பிரேக்கை உடனே பார்த்துவிடலாம். இதைச் செய்ய மரத்தில் மாதிரி (பேட்டர்ன்) அடித்து, பவுண்டரியில் வார்த்து, லேத்தில் கடைய வேண்டும். குறுக்கு வழி இல்லை.

ஃபோட்டோ போடுகிற ஆப் ஒன்றில், பழைய கார்களைப் புதுப்பித்துத் தரும் ஒரு பட்டறையின் பக்கம் கண்ணில் பட்டது. பெங்களூர் ஹைவேயில் ஓர் ஊருக்கு வெளியே இருக்கிறது. பெயர் போடவில்லை. ஆயிரக்கணக்கான பேர் பின்தொடர்கிறார்கள். பெயிண்ட் அடிக்காத வெறும் அலுமினியத்தில் ஒரு டைப் 35 பாடி, வால் பக்கம் கூராக முடிகிறது, அவ்வளவு சுத்தமான வேலை. "நம்ம பட்டறையில் தயாராகிறது" என்று போட்டிருந்தார்கள். நேரில் போனேன்.

நான் முழு அளவில் அட்டை வெட்டி வைத்திருந்தேன், பாடியின் ஒவ்வொரு குறுக்கு வெட்டுக்கும் ஒன்று. அந்த ஆள் அவற்றை வாங்கித் தரையில் வரிசையாகப் பரப்பினார். குனிந்து ஒவ்வொன்றின் ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்தார். "முன் ஆக்சில்ல சதுரமா ஓட்டை விட்டு, அதுக்குள்ள ஸ்பிரிங் பட்டையை நுழைப்பாங்களே, அந்த வண்டிதானே சார்? பின்னாடி ஸ்பிரிங் தலைகீழா வரும்" என்றார். இதை நான் சொல்லவில்லை, அவராகவே சொன்னார். அப்போது ஒரு பையன் ஸ்பேனரோடு குறுக்கே வர, "டேய், அட்டை மேல கால வைக்காத, சாரோட உசுருடா அது" என்று அதட்டினார். டீ வந்தது. வேலை தெரிந்தவர், பொருளை மதிக்கிறவர் என்று மனசு முழுசாக நம்பிவிட்டது. யாராக இருந்தாலும் நம்புவார்கள். ஒன்றரை லட்சம் அங்கேயே அனுப்பினேன்.

அப்புறம் மரப் பேட்டர்ன் படம் ஒன்று அனுப்பி, சக்கரம் வார்க்க என்று 1,20,000 வாங்கினார். அதற்குப் பிறகு தொடங்கியது சாக்கு. டிங்கர் மேஸ்திரிக்கு டைபாய்டு. ஆயுத பூஜை முடியட்டும். பவுண்டரியில் கரண்ட் பிரச்சினை. மழை பெய்கிறது சார், பெயிண்ட் காயாது. நேரில் போனால் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், "அண்ணன் சைட்டுக்குப் போயிருக்காரு" என்பான் பையன். ஒரு தடவைகூட பாடியைப் பெயிண்ட் இல்லாத வெறும் தகடாக என் கண்ணில் காட்டவே இல்லை. கடைசியில் 70,000 கட்டினால்தான் டெம்போ ஏறும் என்றார். கட்டினேன். ஆக மொத்தம் 3,40,000.

வந்து இறங்கியது நீல பெயிண்ட் அடித்த ஒரு பெட்டி. பாய் தன் டயல் கேஜ் ஸ்டாண்டின் காந்த அடியை எடுத்து வந்து வால் பக்கம் வைத்தார். டக்கென்று ஒட்டிக்கொண்டது. அலுமினியத்தில் காந்தம் ஒட்டுமா? கொஞ்சம் தள்ளி வைத்தார், ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. எனக்கு ஒரு நொடி நம்பிக்கை வந்தது. பாய் ஸ்க்ரூடிரைவர் முனையால் அந்த இடத்தைக் கீறினார். மாவு மாதிரி உதிர்ந்தது. பள்ளத்தை நிரப்பப் பூசுகிற பட்டி அங்கே அவ்வளவு தடிமன். முழுக்க இரும்புத் தகடு, மேலே பட்டி. பானெட்டில் காற்றுப் போகிற கீற்றுகளை (லூவர்கள்) தகட்டிலேயே வெட்டி அழுத்தி எடுத்திருக்க வேண்டும். இங்கே பட்டைத் துண்டுகளை ஒட்டி வைத்திருந்தார்கள், நகம் பட்டதும் ஒன்று கையோடு வந்துவிட்டது. பாடியைச் சேஸில் வைத்தால் உட்காரவே இல்லை. என் அட்டைகளை வேலையில் அவர்கள் பயன்படுத்தவே இல்லை என்பது அதிலேயே தெரிந்தது.

சக்கரங்களைப் பற்றி எழுதும்போது கை நடுங்குகிறது. ஏதோ சின்னக் காரின் பழைய அலாய் வீல்கள். உள்ளே இருந்த ஆரங்களை அறுத்துவிட்டு எட்டுப் பட்டைகளை வெல்டிங் வைத்து, மேலே சில்வர் ஸ்ப்ரே. ஒரு சக்கரத்தில் நடுப்பகுதியில் இருந்து மூன்று ஆரங்களுக்குக் கீறல் ஓடியிருக்கிறது. டிரம் என்ற பேச்சே இல்லை. இதை மாட்டி ஓட்டியிருந்தால் ஒரு திருப்பத்தில் சக்கரம் சிதறி ஆளே போயிருப்பேன். பணத்தைவிட இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

போன் செய்தேன். முதலில், "டெம்போக்காரன் இடிச்சிருப்பான் சார்." இரும்பு எப்படி வந்தது என்றால், "நான் எங்க அலுமினியம்னு சொன்னேன்? அலுமினியம் ஃபினிஷ்னுதானே சொன்னேன்." அவர் அனுப்பிய வாட்ஸ்அப் கொட்டேஷனில் அலுமினியம் ஷீட், 1.5 மி.மீ. என்று தெளிவாக இருக்கிறது. அதைத் திருப்பி அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மறுநாள், "டெலிவரி எடுத்துட்டீங்க, இனிமே எங்க பொறுப்பு இல்ல" என்று ஒரு குரல் பதிவு. சாயங்காலம் என்னை பிளாக் செய்துவிட்டார்கள். அந்த வெறும் அலுமினிய பாடி படத்தைத் தேடினேன். ஒரு வெளிநாட்டுப் பட்டறையின் படம் அது. இவர்கள் ஓரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், முழுப் படத்தில் பின்னால் சுவரில் ஸ்பானிய எழுத்து இருக்கிறது.

விரிவாக எழுத இப்போது மனசு ஓடவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். காந்தம் இல்லாமல் எந்த பாடி பட்டறைக்கும் போகாதீர்கள். பட்டி பூசுவதற்கு முன் தகட்டை நேரில் பார்க்காமல் அடுத்த தவணை கொடுக்காதீர்கள். வார்த்த சக்கரம் என்று சொல்லி வெல்டிங் தெரிந்தால் வண்டியில் ஏற்றவே ஏற்றாதீர்கள். கட்டிய காருக்கு ஆர்சி வாங்கித் தருகிறேன் என்று எவனாவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். என்னிடமும் தனியாகப் பணம் கேட்டார்கள், நல்லவேளை கொடுக்கவில்லை. பில், கொட்டேஷன், குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும், கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. நான் வேலூரில் போடுகிறேன், பேப்பர் தயாராகிக்கொண்டிருக்கிறது. இதே மாதிரி ஹைவே ஓரப் பட்டறையில் பழைய கார் வேலைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு யாராவது காத்திருந்தால் உள்பெட்டியில் வாருங்கள், படங்களை ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒரே ஆள்தான் என்றால் சேர்ந்தே போகலாம்.