மழைக்காட்டில் நெஃபலோமீட்டரும் மேப்பும்: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிந்தவை

காற்றில் மிதக்கும் துகள்களின் ஒளிச்சிதறலுக்கு மூன்று அலைநீள நெஃபலோமீட்டர் (450, 550, 700 நானோமீட்டர்), உட்கவர்தலுக்கு வடிகட்டித் தாள் வைத்த மேப் (MAAP, துகள்கள் எவ்வளவு ஒளியை விழுங்குகின்றன என்று அளக்கும் கருவி). இந்த ஜோடி அமேசான் மாதிரிக் காட்டில் தாக்குப்பிடிக்குமா? பிடிக்கும், தண்ணீரைச் சமாளித்தால்.

அங்கே காற்றின் பனிநிலை (ஈரம் நீராகக் கோக்கத் தொடங்கும் வெப்பநிலை) பெரும்பாலும் 23–24 டிகிரி செல்சியஸ். அறை ஏசியை 21-ல் வைத்தால் குழாய்க்குள்ளேயே நீர் கோத்து, துகள்களும் அதில் ஒட்டிக்கொள்ளும். 26–27 போதும். உலர்த்தி, குழாய் குளிர்ந்த இடத்துக்குள் நுழையும் முன்பே இருக்க வேண்டும். ஈரப்பதம் 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. சிலிக்கா ஜெல் உலர்த்தி இரண்டு வேண்டும்: ஒன்று ஓடும்போது மற்றது உலர்ந்து மீளும். நெஃபலோமீட்டர் காட்டும் ஈரப்பதத்தை அப்படியே நம்பாதீர்கள். உள்ளிருக்கும் விளக்கின் சூட்டில் அது குறைவாகத்தான் காட்டும். உலர்த்தியிலிருந்து காற்று வெளியேறும் இடத்தில் தனி உணரி வையுங்கள்.

அடுத்த தலைவலி பூச்சியம், அதாவது துகளே இல்லாதபோது கருவி காட்ட வேண்டிய அடிப்படை அளவு. பிரேசிலின் மனாவுஸ் நகருக்கு வடகிழக்கே உள்ள அட்டோ (ATTO) என்ற உயர்கோபுர ஆய்வு நிலையத்தில் 637 நானோமீட்டரில் சிதறல், மழைக்காலச் சராசரி மெகாமீட்டருக்கு (பத்து லட்சம் மீட்டருக்கு) சுமார் 7.5, புகை சூழும் வறட்சிக்காலத்தில் 33. துகளே இல்லாத காற்று 550-ல் தானாகவே 12 அளவுக்குச் சிதறடிக்கும். பூச்சியம் ஒன்றிரண்டு நகர்ந்தாலே மழைக்காலத் தரவு போச்சு. மணிக்கொரு முறை ஐந்து நிமிடம் வடிகட்டிய காற்றை விடுங்கள். சுவர்ச் சிதறல் (கருவியின் உட்சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி) வாராவாரம் ஏறினால் கருவியின் அளவீட்டு அறைக்குள் அழுக்கு சேர்கிறது என்று பொருள். அளவுத்திருத்தத்துக்கு கார்பன் டை ஆக்சைடு, காற்றைப்போல் 2.6 மடங்கு சிதறடிக்கும். சிலிண்டரிலிருந்து குளிராக வரும் வாயு அடர்த்தியைக் கெடுக்கும், நீளக் குழாயில் சுற்றவிட்டு அனுப்புங்கள்.

முன்பக்கம் 7 டிகிரிக்குள் சிதறும் ஒளி கருவிக்குத் தெரியாது. புகைக்கு இழப்பு சிறிது. சகாரா தூசிக்கும் பூஞ்சை வித்துகளுக்கும் பெரிது. இதைத் திருத்த ஆங்ஸ்ட்ராம் அடுக்கு (அலைநீளத்தோடு சிதறல் எப்படி மாறுகிறது என்று சொல்லும் எண்) வேண்டும். சுத்தமான நாட்களில் அது இரைச்சலில் கண்டபடி ஆடும், பல மணி நேரச் சராசரியில்தான் எடுக்கலாம்.

மேப்பில் மழைக்கால உட்கவர்தல் மெகாமீட்டருக்கு 0.7 அளவே. ஈரப்பதம் துள்ளும்போது எதிர்மறை எண்கள் வரும். அவற்றை நீக்கிவிடாதீர்கள், நீக்கினால் சராசரி பொய்யாக ஏறும். கருவியில் 670 என்றிருந்தாலும் உண்மை அலைநீளம் 637. ஒற்றைச் சிதறல் விகிதம் (சிதறலும் உட்கவர்தலும் சேர்ந்த மொத்தத்தில் சிதறலின் பங்கு) போடுமுன் நெஃபலோமீட்டரின் சிதறலை 637-க்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் பக்கமிருந்து காற்று வீசும் நேரங்களை மட்டும் தயங்காமல் வெட்டலாம்.

காற்று உள்ளே நுழையும் வாயிலுள்ள வலையில் சிலந்தி கூடு கட்டும். ஓட்டம் குறைந்தால் பம்பைக் கழற்றுமுன் அங்கே பாருங்கள்.