அம்மாவின் வாதநோய்ப் பிரிவு: ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்

அம்மாவுக்கு 61 வயது. போன தீபாவளிக்கு முன்பே மேல் இமை இரண்டும் கத்தரிப்பூ நிறமாகிவிட்டன. விரல் முட்டிகளில் சிவந்த தடிப்பு, கழுத்துக்குக் கீழே அரிப்பு. இங்கே சிங்கப்பூரில், தேக்காவில் வாங்கிய குங்குமம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். தனியார் தோல் மருந்தகம் ஒன்றில் மூன்று முறை ஒவ்வாமைக் களிம்பு கொடுத்து அனுப்பினார்கள். அம்மா கையைத் தூக்கித் தலைப்பின்னல் போடுவதை விட்டதையோ, பேருந்துப் படியில் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து ஏறியதையோ அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, தோலுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று இருந்துவிட்டேன்.

அரசாங்கப் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பார்த்த இளம் டாக்டர்தான், "கை ஊன்றாம எழுந்திரிங்கம்மா" என்றார். அம்மாவால் முடியவில்லை. தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் சிகே என்ற நொதியின் அளவு பல மடங்கு கூடியிருந்தது. அங்கிருந்து கடிதம் வாங்கி அரசு மருத்துவமனையின் வாதநோய்ப் பிரிவுக்குப் போனோம். இப்படிப் போனால் கட்டணத்தில் மானியம் கிடைக்கும்.

நோயின் பெயர் டெர்மட்டோமயோசைட்டிஸ். உடலின் எதிர்ப்புச் சக்தியே தசையையும் தோலையும் தாக்குகிறது. இது பெரியவர்களுக்கு வந்தால், உள்ளே எங்காவது புற்றுநோய் இருக்கிறதா என்று தேடியாக வேண்டும் என்றார் டாக்டர். நோய் தெரியவரும் காலத்துக்கு முன்னும் பின்னும் ஓராண்டுதான் ஆபத்து மிக அதிகமாம். மூன்று ஆண்டுவரை கவனமாக இருக்க வேண்டுமாம். அம்மாவின் ரத்தத்தில் டிஐஎஃப்1-காமா என்ற எதிர்ப்பொருள் இருந்தது. அது இருப்பவர்களுக்குச் சந்தேகம் இன்னும் கூடுதல். எனக்குக் கை நடுங்கியது. தமிழ்த் தாதி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "எல்லாருக்கும் அப்படி வராதும்மா, நிறைய பேருக்கு ஒண்ணும் இருக்காது" என்று பொறுமையாகச் சொன்னார். அந்த ஐந்து நிமிடத்துக்காகவே நான் இதை எழுதுகிறேன்.

மார்பிலிருந்து அடிவயிறுவரை சிடி ஸ்கேன், மேமோகிராம், கருப்பைக்கும் சினைப்பைக்கும் அல்ட்ராசவுண்ட், சினைப்பைப் புற்றுநோய்க்கான சிஏ-125 ரத்தப் பரிசோதனை என்று வரிசையாகப் பார்த்தார்கள். மூக்கு வழியாகக் குழாய்விட்டு, மூக்குக்குப் பின்னால் தொண்டையின் மேல்பகுதியில் புற்றுநோய் இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். "அது சீனர்களுக்கு வர்றதுதானே?" என்றார் அம்மா. சீனர்களிடம் அதிகம்தான், ஆனால் இந்த வட்டாரத்தில் யாரையும் பார்க்காமல் விடுவதில்லை என்றார் டாக்டர்.

இதுவரை ஒன்றும் இல்லை. அதோடு தேடுவதை நிறுத்திவிடவில்லை. அடுத்த ஸ்கேனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்தபின் சர்க்கரை ஏறியது, அதையும் உடனே கவனித்தார்கள். வெயில் பட்டால் தடிப்பு கூடும் என்பதால் இப்போது அம்மா குடையும் சன்ஸ்கிரீனும் இல்லாமல் வெளியே போவதில்லை.

ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தது காத்திருக்கும் இடத்துக்காக. நாற்காலிகள் தாழ்வாக, கைப்பிடி இல்லாமல் இருக்கின்றன. தொடையில் வலுவில்லாதவர்கள் வரும் இடம் அது. முதல் நாள் நானும் ஒரு மலாய்க்கார அண்ணனும் சேர்ந்துதான் அம்மாவைத் தூக்கி நிறுத்தினோம். கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்தேன், இன்னும் மாற்றவில்லை. போகிறவர்கள் நாற்காலியில் போட்டு உட்காரத் தடிமனான சிறு மெத்தை ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டிவரும், சாப்பாடும் எடுத்துக்கொள்ளுங்கள்.